பீர் கெட்டு வந்ததா, இங்கே வந்து கெட்டதா? அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

ஆலையை விட்டுக் கிளம்பும்போது நன்றாக இருந்த பீர், விற்பனைக்கு வரும்போது வேறு ஏதோவாக மாறியிருந்தால் சந்தேகப்பட வேண்டியவை நான்கு: சூடு, வெளிச்சம், ஆக்சிஜன், கிருமி. இவற்றில் பெரிய ஆள் சூடுதான். ஆக்சிஜனையும் கிருமியையும் வேகமாக வேலை பார்க்க வைப்பதும் அதுவே. ஆனால் புகார் வந்ததும் எல்லோரும் முதலில் பாட்டிலில் அச்சடித்த தேதியைத்தான் தேடுகிறார்கள். தேதி பாதிக் கதை. அந்தப் பாட்டில் எவ்வளவு சூட்டில் எத்தனை நாள் கிடந்தது என்பது மீதிக் கதை, அதுதான் பெரும்பாலும் வழக்கைத் தீர்த்து வைக்கும்.

கீழே உள்ளவை பாட்டில், கேன், கெக் (குழாயில் ஊற்றும் பீர் வரும் உலோகப் பீப்பாய்) மூன்றுக்கும் பொருந்தும். உங்கள் அறிகுறி எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். ஆனால் இந்த முதல் பகுதியை மட்டும் தாண்டிப் போக வேண்டாம்.

எதற்கும் முன்னால்: ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஜோடி

ஒவ்வொரு லாட் (ஒரே தடவையில் அடைத்த சரக்குத் தொகுதி) இறங்கும்போதும் இரண்டு பாட்டில்களை எடுத்து, வந்த தேதியை மார்க்கரால் எழுதி, சுமார் 3 டிகிரி செல்சியஸில், வெளிச்சம் படாத ஃப்ரிட்ஜில் தனியே வைத்துவிடுங்கள். புகார் வந்தால், புகாருக்கு ஆளான பாட்டிலையும் இதில் ஒன்றையும் ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஊற்றுங்கள். ஜில்லென்று இருக்கும்போது குறைகள் வெளியே தெரியாது. 10 டிகிரி அளவுக்கு ஏறட்டும். முதலில் முகர்ந்து பாருங்கள், அப்புறம் ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.

இரண்டிலும் ஒரே குறை என்றால் சரக்கு வரும்போதே அப்படி வந்திருக்கிறது. ஆலைக்கோ விநியோகஸ்தருக்கோ எழுதலாம். ஒன்றில் மட்டும்தான் என்றால் தப்பு உங்கள் கூரைக்குக் கீழே நடந்திருக்கிறது. இரண்டு பாட்டிலை இப்படி முடக்கி வைப்பது வீண் செலவு என்று நினைப்பவர்கள், பிறகு ஒரு முழு லாட்டைப் பற்றி யாரிடமும் எதையும் நிரூபிக்க முடியாமல் நிற்பார்கள்.

அறிகுறி: திறந்ததும் பூண்டும் எரிந்த ரப்பரும் கலந்த நெடி

இது வெளிச்சத்தின் வேலை. வேறு எதையும் தேட வேண்டாம்.

பீரின் கசப்பு ஹாப்ஸ் பூவிலிருந்து வருகிறது. அந்தக் கசப்புச் சேர்மங்கள், பீரில் இயல்பாகவே இருக்கும் ரிபோஃபிளேவின் என்ற வைட்டமினின் துணையோடு, புறஊதா மற்றும் நீல வெளிச்சத்தில் உடைகின்றன. உடைந்த துண்டு கந்தகத்தோடு சேர்ந்து தயால் என்ற நாற்றமுள்ள கந்தகச் சேர்மம் உருவாகிறது. அமெரிக்கக் கண்டத்தில் வாழும் ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் திரவத்தில் இருப்பவற்றின் நெருங்கிய உறவு அது. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். நேரடி வெயில் என்றால் இதற்குச் சில நிமிடங்களே போதும்.

நம்பிக்கை வரவில்லையா? வெளிர் நிறமுள்ள, நல்ல கசப்புள்ள ஒரு பீரை இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஊற்றுங்கள். ஒன்றை அலமாரிக்குள் வைத்து மூடிவிடுங்கள், மற்றதை வெயிலில் ஒரு கால் மணி நேரம் வையுங்கள். பிறகு இரண்டையும் அடுத்தடுத்து முகர்ந்து பாருங்கள். சரக்கு கையாளும் ஒவ்வொருவரையும் ஒரு தடவையாவது இதைச் செய்ய வைத்துவிட்டால், பெட்டியை வெயிலில் இறக்கி வைத்துவிட்டுப் பேசிக்கொண்டு நிற்கும் பழக்கம் தானாகக் குறையும்.

சரிபார்க்க வேண்டியவை: பாட்டில் என்ன நிறம்? பழுப்புக் கண்ணாடி கெடுதலான வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். பச்சைக் கண்ணாடி கொஞ்சம்தான் தடுக்கும். நிறமில்லாத கண்ணாடி ஏறக்குறைய எதையும் தடுக்காது. அதனால்தான் நிறமில்லாத பாட்டிலில் அடைக்கும் சில ஆலைகள் வெளிச்சத்துக்கு உடையாதபடி மாற்றிய ஹாப்ஸ் சாற்றைப் பயன்படுத்துகின்றன. கேனுக்கும் கெக்குக்கும் இந்தக் கவலையே இல்லை. அடுத்து, கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜைப் பாருங்கள். முன்வரிசைப் பாட்டிலில் நெடி இருந்து பின்வரிசையில் இல்லை என்றால் குற்றவாளி உள்ளே எரியும் ட்யூப் லைட்தான். எல்.ஈ.டி.க்கு மாற்றினால் புறஊதா போய்விடும், ஆனால் நீல வெளிச்சம் மிச்சம் இருக்கும். ஆகவே அது நிதானமாக வேலை பார்க்கும், அவ்வளவுதான். பச்சை, வெள்ளைப் பாட்டில்களை மூடிய அட்டைப்பெட்டியிலேயே வைத்திருந்து, விற்கும் அளவுக்கு மட்டும் வெளியே அடுக்குவது இன்னும் நல்ல வழி.

ஏற்கெனவே நெடி வந்துவிட்ட பாட்டிலை எதுவும் செய்ய முடியாது. குளிர வைத்தாலும் போகாது.

அறிகுறி: நனைந்த அட்டை வாசனை, மந்தமான தித்திப்பு, நிறம் கருத்தது

கிடங்கில் மிக அதிகமாக நடப்பதும், மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் இதுதான். பீர் மூப்படைந்துவிட்டது. கசப்பு மழுங்கியிருக்கும், தேன், காய்ந்த திராட்சை போல ஒரு தித்திப்பு எட்டிப் பார்க்கும், நாக்கின் பின்பக்கம் காகிதம் மென்றது போல இருக்கும். அந்தக் காகிதச் சுவைக்கு முக்கியக் காரணம் டிரான்ஸ்-2-நோனெனால் என்ற சேர்மம். லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் அளவிலேயே அது தெரிய ஆரம்பித்துவிடும்.

இதற்கு ஆக்சிஜன் வேண்டும், சூடும் வேண்டும். ஆக்சிஜன் பெரும்பாலும் அடைக்கும்போதே உள்ளே போய்விடுகிறது. நல்ல ஆலைகள் ஒரு லிட்டருக்கு மொத்தம் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே வைத்திருக்கப் பாடுபடுகின்றன. பிற்பாடு பாட்டில் மூடியின் உள்வளையம் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வரும். இவை இரண்டும் உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பது சூடு மட்டும். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் மூப்பின் வேகம் இரண்டு மூன்று மடங்காகும். ஆலைக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு: 3-30-300. அதாவது 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள். மூன்றும் பீருக்கு ஏறத்தாழ ஒரே முதுமை. எல்லாப் பீருக்கும் அச்சுப் பிசகாமல் பொருந்தும் சூத்திரம் அல்ல. ஆனால் வெயில் நாளில் லாரியிலோ தகரக் கூரைக்கு அடியிலோ வார இறுதி முழுக்கக் கிடந்த பெட்டிகளின் கதி என்ன என்று அது சொல்லிவிடும்.

காரணத்தைப் பிடிக்க இப்படிப் போங்கள்:

1. ஒரு பழைய பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் வெப்பமானியின் முனையை இறக்கி, அடுக்கின் உச்சியில் வையுங்கள். சுவரில் மாட்டிய வெப்பமானி காட்டுவது காற்றின் சூட்டை. இது காட்டுவதுதான் பீர் உணரும் சூடு. அதிகபட்சத்தைப் பதிவு செய்து வைக்கும் வகை என்றால் நல்லது. மதியம் இரண்டு மூன்று மணிக்கு நீங்கள் அங்கே இருக்கப் போவதில்லை.

2. அதையே அடுக்கின் அடியில் ஒரு நாள் வையுங்கள். சூடான காற்று மேலே போகும், ஆகையால் ஒரே கிடங்கில் உச்சிப் பெட்டி கிழவனாகவும் அடிப்பெட்டி இளைஞனாகவும் இருப்பது சகஜம். புகார் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று விசாரியுங்கள்.

3. மேற்குப் பார்த்த சுவர், ஃப்ரிட்ஜ் மோட்டாரின் பின்பக்கம், ஜெனரேட்டர் அறைக்கு ஒட்டிய மூலை: இந்த மூன்று இடங்களிலும் பீர் இருந்தால் இன்றே நகர்த்துங்கள்.

4. சரக்கு இறங்கும்போதே ஒரு பெட்டியைத் திறந்து நடுப் பாட்டிலைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் ரசீதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அடுத்த வாரம் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

முழுக் கிடங்கையும் குளிரூட்ட வசதி இல்லை என்றால், ஹாப்ஸ் மணத்துக்காக வாங்கப்படும் ஐ.பி.ஏ. வகைகள், பாஸ்சுரைஸ் செய்யாதவை, ஈஸ்ட் உயிரோடு உள்ளவை ஆகியவற்றைக் குளிர் அறைக்கு அனுப்புங்கள். பாஸ்சுரைஸ் செய்த லாகர் வகைப் பீர் 15 டிகிரிக்குக் கீழான இருட்டு அறையில் சில வாரம் தாக்குப்பிடிக்கும். பாஸ்சுரைஸ் செய்துவிட்டதால் சூட்டில் வைக்கலாம் என்று அர்த்தம் இல்லை. அது கிருமியைத்தான் கொல்லும், ஆக்சிஜனை அல்ல.

இன்னொன்று. குளிர்ந்த பீர் ஒரு தடவை அறைவெப்பத்துக்கு வந்து மறுபடி குளிர்ந்தால் கெட்டுவிடும், நாற்றமடிக்கும் என்று பலரும் அடித்துச் சொல்வார்கள். அப்படி இல்லை. ஏறி இறங்குவதால் தனியாக எந்தக் கேடும் வருவதில்லை. மொத்தம் எத்தனை மணி நேரம் சூட்டில் கிடந்தது என்பதே கணக்கு. ஆகவே மிச்சமானதை மறுபடி குளிர் அறைக்குக் கொண்டுபோவதில் தயக்கம் வேண்டாம். வெளியே விடுவதுதான் நஷ்டம்.

இதில் ஒரு விதிவிலக்கு: பார்லி வைன், இம்பீரியல் ஸ்டவுட், லாம்பிக் போன்ற பீர் வகைகள் வருடக்கணக்கில் வைத்துப் பழமையாக்கக் கூடியவை. அவற்றில் காய்ந்த திராட்சை வாசனை குறையல்ல. அவற்றுக்கும் 10 முதல் 13 டிகிரி, இருட்டு, நிமிர்ந்த நிலை வேண்டும்.

அறிகுறி: குறை ஒன்றும் தெரியவில்லை, ஆனால் மணமே இல்லை

மேலே சொன்ன மூப்பின் முதல் படி இது. ஹாப்ஸின் பழ வாசனையும் பூ வாசனையும்தான் முதலில் பறக்கும். அட்டை வாசனை பின்னால் வரும். ஐ.பி.ஏ.வில் குளிரில் வைத்திருந்தாலும் சில மாதங்களில் இது தெரியும். அச்சடித்த தேதி இன்னும் முடியவில்லை என்று வாதாடுவதில் பிரயோசனம் இல்லை. அவற்றைக் குறைவாக வாங்குங்கள், அடிக்கடி வாங்குங்கள்.

அறிகுறி: தேதியே புரியவில்லை

முதலில் அது அடைத்த தேதியா, எந்தத் தேதிக்குள் குடித்தால் நல்லது என்ற தேதியா என்று பாருங்கள். இரண்டும் இடம் மாறிப் புரிந்துகொள்ளப்பட்டு நல்ல சரக்கு குப்பைக்கும் பழைய சரக்கு முன்வரிசைக்கும் போவது உண்டு. சில ஆலைகள் மாதம், நாள் போடாமல் வருடத்தின் எத்தனையாவது நாள் என்று மூன்று இலக்கத்தில் அடிக்கும். 25045 என்று இருந்து அந்த ஆலையின் வழக்கம் இதுதான் என்றால், 2025ஆம் ஆண்டின் 45ஆவது நாள், அதாவது பிப்ரவரி 14. ஒவ்வொரு ஆலையின் குறியீட்டையும் ஒரு தடவை கேட்டு எழுதிக் கிடங்குக் கதவில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது.

முதலில் வந்ததை முதலில் அனுப்பு என்ற பழைய பாடம் பீருக்கு முழுசாகப் பொருந்தாது. நேற்று வந்த லாட்டின் தேதி, போன மாதம் வந்ததைவிட முந்தியதாக இருக்கலாம். முதலில் முடியப் போவதை முதலில் அனுப்புங்கள்.

அறிகுறி: கேன் உப்பியிருக்கிறது, அல்லது திறந்ததும் பீய்ச்சி அடிக்கிறது

இங்கே நிதானம் வேண்டும், ஏனென்றால் கண்ணாடி வெடித்தால் கண் போகும்.

உப்பிய கேனைத் திறக்காதீர்கள், குத்தாதீர்கள், குலுக்காதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் கெட்டியான கையுறையும் போட்டுக்கொண்டு அந்த லாட் முழுவதையும் உறையாத அளவுக்குக் குளிர வையுங்கள். குளிர்ந்தால் உள்ளே அழுத்தம் இறங்கும், ஈஸ்டும் சோர்ந்துபோகும். அதன் பிறகு காரணத்தைத் தேடலாம்.

உறைந்ததா? 5 சதவீத ஆல்கஹால் உள்ள பீர் சுமார் மைனஸ் 2 முதல் மைனஸ் 3 டிகிரியில் உறைய ஆரம்பிக்கும். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் விரியும். கேனின் அடிக்குழி வெளியே தள்ளிக்கொள்ளும். ஃப்ரிட்ஜின் குளிர்காற்று வரும் வாய்க்கு நேரே இருந்த சில கேன்கள் மட்டும் உப்பியிருந்தால் இதுதான். கேனின் மூடியும் உடம்பும் சேரும் தையல் கசியும் வாய்ப்பு உண்டு, விற்க வேண்டாம்.

சூட்டில் கிடந்த லாட் முழுக்க உப்பியிருந்தால் உள்ளே மறுபடி புளித்துக்கொண்டிருக்கிறது. பாஸ்சுரைஸ் செய்யாத, பழக்கூழ் சேர்த்த பீரில் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்ந்தே இருக்கும். சூடு கிடைத்தால் விட்ட இடத்தில் தொடரும். டயஸ்டாடிகஸ் என்ற ஈஸ்ட் வகை இன்னும் தந்திரமானது. சாதாரண ஈஸ்ட் தொடாத சிக்கலான சர்க்கரைகளையும் அது வாரக்கணக்கில் மெல்ல மெல்லத் தின்னும். இது ஆலையில் ஏறிய தொற்று. லாட் எண்ணோடு உடனே தகவல் கொடுங்கள். மற்ற இடங்களிலும் அதே லாட் இருக்கும்.

பாட்டில் உப்பாது, பீய்ச்சித்தான் காட்டும். அப்படி அடித்த பீரைக் குடித்துப் பாருங்கள். புளிப்பும் இல்லை, சுவையும் மாறவில்லை, ஒரு நாள் நிமிர்த்திக் குளிரில் வைத்த பாட்டிலும் அதேபோல அடிக்கிறது என்றால், தொற்றைவிட மூலப்பொருளைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஃபியூசேரியம் பூஞ்சை தாக்கிய பார்லியிலிருந்து வரும் ஒருவகைப் புரதம் இப்படிச் செய்யும். கிடங்கில் இதற்கு மருந்து கிடையாது. குளிரில் வைத்த பாட்டில் ஒழுங்காகத் திறந்தால், அது லாரியில் குலுங்கிய களைப்பு மட்டுமே.

அறிகுறி: கலங்கல், மிதக்கும் துகள்

குளிரில் கலங்கி, அறைவெப்பத்துக்கு வந்ததும் தெளிந்தால் அது குளிர்க் கலங்கல். மால்ட்டின் (முளைகட்டிய பார்லி) புரதமும் பாலிபீனாலும் கைகோப்பதால் வருவது. சுவைக்குக் கெடுதல் இல்லை. சூடேறியும் தெளியாவிட்டால் மூப்படைந்திருக்கிறது, அல்லது தொற்று. வெள்ளைச் செதில்கள் மிதந்தால் ஒரு தடவை உறைந்து உருகியிருக்க வாய்ப்பு அதிகம்.

கோதுமை பீரும், பாட்டிலுக்குள்ளேயே புளிக்கவைத்த வகைகளும் கலங்கலாகத்தான் இருக்கும். அவற்றைப் படுக்க வைக்காதீர்கள். ஈஸ்ட் பக்கவாட்டில் படிந்து ஊற்றும்போது முழுக்கக் கலந்துவிடும். அந்த ஈஸ்ட் நீண்ட நாள் சூட்டில் கிடந்து செத்தால் இறைச்சிச் சாறு, சோயா சாஸ் வாசனை வரும். அது வந்துவிட்டால் கழித்துக்கட்ட வேண்டியதுதான்.

அறிகுறி: புளிப்பு, வினிகர், வெண்ணெய் வாசனை

அடைத்த பாட்டிலில் இருந்தால் ஆலையின் தொற்று. அதிகம் யோசிக்க வேண்டாம், ஒப்பீட்டு ஜோடியைத் திறந்து உறுதிசெய்துகொண்டு திருப்பி அனுப்புங்கள். கெக்கிலிருந்து வரும் பீரில் மட்டும் இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது குழாயை. லாக்டோபேசிலஸ், பீடியோகாக்கஸ் வகைப் பாக்டீரியாக்கள் குழாயின் உள்சுவரில் படலமாகப் படிந்து புளிப்பையும் வெண்ணெய் வாசனையையும் தரும். வினிகர் வாசனை என்றால் காற்றுப் படும் குழாய்முனையைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். வழுவழுவென்று இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காரக் கரைசலைக் குழாயில் குறைந்தது 15 நிமிடம் சுற்றவிட்டுக் கழுவ வேண்டும். பீர்க்கல் எனப்படும் கால்சியம் ஆக்சலேட் படிவு காரத்துக்கு அசையாது. அதற்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமிலக் கழுவல். ஒவ்வொரு தடவையும் வெளியே வரும் தண்ணீரின் பி.எச். அளவு சாதாரணக் குழாய்த் தண்ணீர் அளவுக்கு வரும்வரை அலச வேண்டும். இந்தக் கடைசி அலசலில் அவசரப்படுகிறவர்கள் வாடிக்கையாளரின் தொண்டையோடு விளையாடுகிறார்கள்.

அறிகுறி: கெக்கைத் திறந்தால் நுரை, நுரை, நுரை

பத்துக்கு எட்டுப் பேர் செய்வது ரெகுலேட்டரைத் திருகி அழுத்தத்தைக் குறைப்பது. பெரும்பாலும் அதனால் நிலைமை மோசமாகும். அழுத்தம் குறைந்தால் பீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு குழாயிலேயே குமிழாகப் பிரிந்து இன்னும் நுரைக்கும். ரெகுலேட்டரைத் தொடாமல் இந்த வரிசையில் பாருங்கள்.

டம்ளரில் விழும் பீரின் வெப்பநிலை என்ன? முதல் டம்ளரை ஊற்றிவிட்டு இரண்டாவதில் அளந்து பாருங்கள். கெக் 3 டிகிரி அளவில் இருக்க வேண்டும். குளிர் அறைக்குள் நேற்று மாலை வந்த கெக்கை இன்று காலை மாட்டினால் உள்ளே இன்னும் குளிர்ந்திருக்காது. 50 லிட்டர் குளிர்வதற்கு ஒரு முழு நாள் கொடுங்கள். வெளியே தொட்டால் ஜில்லென்று இருப்பதை நம்ப வேண்டாம்.

முதல் டம்ளர் மட்டும் நுரைத்து, அடுத்தது ஒழுங்காக வந்தால் கெக்கில் பிரச்சினை இல்லை. குளிர் அறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயில் நின்ற பீர் சூடாகியிருக்கிறது. அந்தப் பகுதிக்குக் குளிர்காற்றோ உறையோ வேண்டும். எல்லா டம்ளரும் நுரைத்து, வெப்பநிலையும் சரியாக இருந்தால் அப்போதுதான் அழுத்தம். 3 டிகிரியில், சாதாரண லாகருக்கு 0.8 பார் அளவில்தான் கார்பன் டை ஆக்சைடு உள்ளேயும் வெளியேயும் சமநிலையில் நிற்கும். அதைவிட ரொம்பத் தாழ்ந்திருந்தால் மெதுவாக ஏற்றுங்கள். அதுவும் சரி என்றால் குழாய்முனையின் வாஷர், கப்ளரின் (கெக்கின் தலையில் மாட்டும் இணைப்பு) ரப்பர், குழாயின் அழுக்கு.

அறிகுறி: குளிர் அறைக்குள் போனால் தலை கிறுகிறுக்கிறது

இது பீரின் அறிகுறி அல்ல, ஆளின் அறிகுறி. உடனே வெளியே வாருங்கள், கதவைத் திறந்து வையுங்கள், உள்ளே யாரையும் விடாதீர்கள். சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கசிந்திருக்கலாம். நிறம் கிடையாது, காற்றைவிடக் கனமானது, தரையோரம் தேங்கி நிற்கும். குனிந்து கெக்கைத் தூக்குபவர்தான் முதலில் விழுவார். எட்டு மணி நேர வேலைக்குப் பொதுவாக ஏற்கப்படும் வரம்பு காற்றில் 0.5 சதவீதம். அறையில் அளவைக் காட்டி அலறும் கருவி இல்லை என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை வாங்குங்கள். மயங்கி விழுந்தவரை இழுக்கத் தனியாக உள்ளே ஓடுவது இரண்டாவது சாவுக்கு வழி; தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

அறிகுறி: சப்பென்று, வாயு இல்லாமல்

ஒன்றிரண்டு பாட்டிலில் மட்டும் என்றால் மூடி சரியாக அழுந்தவில்லை. பாட்டிலைத் தண்ணீரில் முக்கிப் பாருங்கள், குமிழ் வரலாம். கேனில் என்றால் நசுங்கல் தையல்மேல் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். உடம்பில் விழுந்த நசுங்கல் பார்க்க அசிங்கம், தையலில் விழுந்தது கசியும். கெக் பீரில் வாயு கரைந்தே இருந்து நுரை மட்டும் நிற்காவிட்டால், டம்ளரில் எண்ணெயோ சோப்போ ஒட்டியிருக்கிறது.

அறிகுறி: மூடியில் துரு, பெட்டியில் பூஞ்சை

ஈரம். குளிர் அறையிலிருந்து வெளியே எடுத்து வியர்த்த பெட்டிகளை அப்படியே நெருக்கி அடுக்கியிருப்பார்கள். பெட்டிகளைத் தரையிலிருந்து பலகைமேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வையுங்கள். துருப்பிடித்த மூடியைத் திறந்து பாட்டிலின் வாயைத் துடைத்துவிட்டுக் குடித்துப் பாருங்கள். துடைத்த பிறகும் இரும்புச் சுவை தெரிந்தால் அந்தப் பெட்டியை ஒதுக்கிவிடுங்கள். சுவை சரியாக இருந்தாலும் துருவேறிய மூடியோடு விற்க வேண்டாம். ஊறி நொய்ந்த அட்டைப்பெட்டியை மட்டும் அடிப்பிடித்துத் தூக்குங்கள்; கைப்பிடி ஓட்டையில் விரல் விட்டுத் தூக்கினால் அடி திறந்துகொள்ளும்.